நால்வகைத் தானமும் வாசலில் நிற்கும் நாயும்



மதுரையைச் சூழ்ந்துள்ள குன்றங்கள் நம் முன்னோர் தவம் புரிந்த திருவிடங்கள் என்பதை நம்மவர் நன்கறிவர். அவற்றுள் ஒன்றாகிய கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கு அண்மையில் ஒரு தைத் திங்களில் யாத்திரை சென்றிருந்தோம். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் பாறையில் வீற்றிருக்கும் ஜினபிம்பங்களை வணங்கி இறங்கிய பின், மாநகரின் தென்புறத்தே அவனியாபுரத்தில் வாழும் நம் சமூகத்து அம்மையார் ஒருவர் இல்லத்தில் அன்றிரவு தங்கினோம். அவருடைய கணவனார் அரசுப் பணியின் பொருட்டு வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து அங்கேயே குடியமர்ந்தவர். காலமாகி ஓராண்டு ஆகிறது.

அவனியாபுரம் என்றவுடன் தை முதல்நாளில் வாடிவாசலிலிருந்து பாயும் காளைகளே எல்லோர் நினைவுக்கும் வரும். அக்காளைகளைப் பற்றி நாம் இங்கே பேச வரவில்லை. ஊரே கூடிநின்று பார்க்கும் உயிரை விட்டு, ஒருவரும் பார்க்காத உயிரைப் பற்றியே பேச வந்தோம். அஃது அம்மையாரின் வாசலில் நின்ற தெருநாய்.

நம் மரபுப்படி கதிரவன் மறைவதற்குள் உணவை முடித்துக்கொள்பவர் அவர். தாம் உண்டதும் ஓர் அகன்ற சட்டியில் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டு வாசலுக்கு வந்தார். பதின்மூன்று நாய்கள் வரிசை பிடித்தாற்போல் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் பெயரிட்டு அழைத்து இட்டார். காண்பதற்கு இனிய காட்சிதான். ஆனால் எதிர்வீட்டுக் கதவு படீரென்று சாத்தப்பட்ட ஓசையும் நம் செவியில் விழுந்தது.

இரவில் அம்மையார் நம்மிடம் மனம் விட்டுப் பேசினார். இரண்டு திங்களுக்கு முன் எதிர்வீட்டுச் சிறுமியை அந்நாய்களுள் ஒன்று கடித்துவிட்டது. குழந்தை அரசு மருத்துவமனையில் தவறாது ஊசி போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறாள். ஆயினும் அன்றுமுதல் அந்த வீட்டார் இவரோடு பேசுவதில்லை. கணவனார் விட்டுச்சென்ற தொகையில் ஐந்து இலட்சம் ரூபாயை அவர் பெயரால் இந்த நாய்களுக்கென அறக்கட்டளையாக வைக்க அம்மையாருக்கு எண்ணம். நாள்தோறும் சோறிடப் பொலிசை போதும் என்று கணக்கும் பார்த்துவிட்டார். மகனுக்கு அதில் விருப்பமில்லை. ஊர் ஜினாலயத்துக்குக் கொடுக்கலாமே என்கிறார். “ஐயா, நான் செய்வது புண்ணியமா, பாவமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்று கேட்டார்.

அந்த வினாவுக்கு அன்றிரவே விடை கூற நம்மால் இயலவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்ததை இங்கே உங்கள் முன் வைக்கிறோம். ஏனெனில் இஃது ஓர் இல்லத்தின் வினா மட்டுமன்று.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். நாய்க்குச் செய்வதும் தானமாகுமா என்று ஐயுறுவோர் நம்மிடையே உளர். தீர்த்தங்கரரின் சமவசரணத்துப் பன்னிரு சபைகளில் ஒன்று விலங்குகளுக்கு உரியது. அறவுரை கேட்கும் தகுதி உடைய உயிரைச் சோற்றுக்கும் தகுதியற்றது என்று தள்ள நமக்கு ஏது உரிமை? திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில், உணவில் வாய்வைத்தது என்பதற்காக அடித்து வீழ்த்தப்பட்ட நாயொன்று உயிர் விடும் வேளையில் சீவகன் அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து பின்னர்ச் சீவகனையே இடரிலிருந்து காக்கிறது. சிறுவயதில் நம் வீட்டுப் பெரியவர்கள் மடியில் இருத்திச் சொன்ன கதை இது. அங்கே சீவகன் அந்த நாய்க்குச் சோறிடவில்லை. அந்த நேரத்தில் அதற்கு எது தேவையோ அதைக் கொடுத்தான். தானத்தின் நுட்பம் இதில் அடங்கியிருக்கிறது.

தானம் நான்கு: ஆகாரம், ஔஷதம், அபயம், சாஸ்திரம். இவை முதன்மையாக முனிவர் முதலிய நற்பாத்திரங்களுக்கு உரியன. துன்புறும் எல்லா உயிர்க்கும் இரக்கத்தால் செய்வதையும் நம் ஆசாரியர்கள் கருணைதானம் எனப் போற்றினர். சமந்தபத்திர ஆசாரியர் தம் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் தானத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறும் நால்வருள் ஒருவர் மனிதரே அல்லர். அஃது ஒரு பன்றி. குகையில் இருந்த முனிவரைப் புலியிடமிருந்து காத்து உயிர்நீத்த பன்றி அது. கொடுக்கவும் தெரிந்த உயிர்க்குக் கொடுக்கிறோம் என்ற பணிவு நமக்கு வேண்டும். இனி, அம்மையாரின் ஐந்து இலட்சத்தை இந்நான்கு தானங்களோடும் வைத்து அளந்து பார்ப்போம்.

ஆகாரதானம் நான்கனுள் எளியது. அதனாலேயே நாம் அதனோடு நின்றுவிடுகிறோம். அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல்லில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு இருக்கிறது. மாநகராட்சியின் நாய்க் கருத்தடை மையம் ஒன்றும் அங்கே இருக்கிறது. நாம் எறியும் எச்சில் நாய்களைப் பெருக்குகிறது. பெருகியதைக் குறைக்க அருகிலேயே ஒரு மையம் தேவைப்படுகிறது. சோற்றை மட்டும் கொடுத்து மற்ற மூன்றையும் கொடாவிடில் என்ன நேரும்? பெண்நாய் ஏறத்தாழ இரண்டு திங்கள் சூல் கொண்டு, ஓராண்டில் இருமுறைகூடக் குட்டி ஈனும். அக்குட்டிகளுள் பல சக்கரத்தில் அடிபட்டும் நோயுற்றும் சாகும். எஞ்சியவை மறுபடியும் சட்டியின் முன் வந்து நிற்கும். நம் சோறு பசியைத் தணிக்கிறது. ஆனால் துன்பத்தின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. இதைச் சொல்ல நமக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் இருப்பது அறமன்று.

அடுத்தது ஔஷததானம். வெறிநாய்க்கடி நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாகவும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேல் நம் நாட்டினர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதர்க்கு வரும் இந்நோய் மிகப்பெரும்பாலும் நாயின் வழியாகவே வருகிறது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பர் அறிஞர். ஆகவே நாய்க்குப் போடும் ஊசி குழந்தைக்கும் போட்ட ஊசியாகிறது.

தடுப்பூசியை மறுப்பார் எவரும் இலர். கருத்தடை அறுவை என்றதும்தான் நம்மவர் தயங்குகின்றனர். அம்மையாரின் மைத்துனர் நூற்பயிற்சி மிக்கவர். அவர் அன்று நம்மிடம் எழுப்பிய தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. தத்துவார்த்த சூத்திரம் அஹிம்சா அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கொணாப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவை ஐந்தும் நம்மை அண்டி வாழும் உயிர்கள்பால் நாம் செய்யக்கூடிய பிழைகளே என்பது வெளிப்படை. மூன்றாவதாகிய சேதம் என்பதற்குப் பூஜ்யபாதர், காது மூக்கு முதலிய உறுப்புகளை நீக்குதல் என்று உரை கண்டுள்ளார். கருத்தடை செய்த நாய்க்கு அடையாளமாகக் காதின் நுனியில் சிறு துண்டை வெட்டிவிடுவர். “காதை அறுப்பதும் சேதம், கருவை அறுப்பதும் சேதம். இதற்குப் பணம் கொடுத்து விரதத்தை முறிக்கலாமா?” என்று அவர் கேட்டார்.

குற்றமே இல்லை என்று நாம் கூறமாட்டோம். ஆனால் அதே சூத்திரம், ஹிம்சை என்பது பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு விளையும் ஊறு என்று இலக்கணம் வகுத்திருப்பதையும் மறத்தலாகாது. உடையவன் தன் இலாபத்துக்காகவோ சினத்தாலோ அறுப்பது வேறு. மயக்க மருந்து கொடுத்து, வலி அறியாமல், அவ்வுயிரின் நலங்கருதி மருத்துவர் அறுப்பது வேறு. அக்காதுக்குறி எதற்கு? அதே நாயை மீண்டும் பிடித்து மீண்டும் வயிற்றைக் கிழிக்காமல் இருப்பதற்கு. ஓர் அறுவை மற்றோர் அறுவையைத் தடுக்கிறது. மேலும் இதற்கு மாற்றாக நாடு கைக்கொண்டிருந்தது எது? கொலைதான். சென்னையில் நகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த காலத்தில், கேப்டன் வி. சுந்தரம், உஷா சுந்தரம் தம்பதியர் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்லாதீர், கருத்தடை செய்யுங்கள் என்று 1960-களிலிருந்தே மன்றாடியது. 1996-ஆம் ஆண்டை ஒட்டித்தான் சென்னை மாநகராட்சி அதற்கு இணங்கியது. 2001-இல் மத்திய அரசின் விதிகளாக வந்த அம்முறை 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. பிடித்த நாயைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடுவது அதன் சாரம்.

ஆயினும் மைத்துனரின் தடையிலிருந்து நாம் ஒரு பாடம் கற்றோம். தலைக்கு இவ்வளவு கூலி என்று பேசி, எண்ணிக்கை காட்டுவதற்காக விரைந்து அறுத்து, புண் ஆறுமுன் தெருவில் விட்டால் அது சேதமே. அதற்குப் பணம் கொடுத்தவருக்கும் அதில் பங்குண்டு. நல்ல மயக்க மருந்து, தூய அறை, புண் ஆறும்வரை கூடும் உணவும், கண்காணிக்க ஓர் ஆள், இவற்றுக்குச் செலவிட்டால் அதுவே ஔஷதம். கத்தி ஒன்றுதான். அதனைத் தானமாக்குவதும் பாவமாக்குவதும் நாம் கொடுக்கும் பணத்தோடு நாம் செலுத்தும் விழிப்பே.

மூன்றாவது அபயதானம். அச்சம் நீக்குதல் என்பதை நாயளவில் மட்டும் கொள்ளலாகாது. எதிர்வீட்டுச் சிறுமி இன்றும் தெருவில் இறங்க அஞ்சுகிறாள். அவளும் அபயம் வேண்டி நிற்கும் ஜீவனே. அவளது அச்சத்தைப் பொருட்படுத்தாத கருணை அரைக் கருணை. கடிபட்டவுடன் புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், உடனே மருத்துவமனை சென்று எல்லா ஊசிகளையும் முடிக்க வேண்டும் என்பதைத் தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவைப்பதும் அபயதானமே. 2025 ஆகஸ்டு 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையில், கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களை, வெறிநோயோ மூர்க்கமோ உடையவை நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. உணவிடுவதற்குத் தனி இடங்களை உள்ளாட்சிகள் ஒதுக்க வேண்டும் என்றும் கூறியது. அதே ஆண்டு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றுமாறு ஆணையிட்டது. இவற்றுள் எது சரி எது தவறு என்று வழக்காடுவது நம் வேலையன்று. வாசலில் நாயும் வாசலுக்குள் குழந்தையும் அஞ்சாதிருக்க வழி காண்பதே நம் வேலை.

இதில் நமக்கொரு முன்மாதிரி உண்டு. 1832-இல் பம்பாயில் ஆங்கிலேய அரசு தெருநாய்களைக் கொல்ல முற்பட்டபோது நகரில் பெருங்கலகம் மூண்டது. ஈராண்டு கழித்து, 1834-இல், பார்சி வணிகர் ஜம்செட்ஜி ஜீஜீபாயும் நம் சமயத்தவராகிய சேட் மோதிசந்த் அமிசந்தும் முன்னின்று அங்கே பாஞ்சராபோல் என்னும் உயிர்க் காப்பகத்தை நிறுவினர். வணிகர்கள் தம் சரக்கின்மீது மகமை விதித்துக்கொண்டு அதனை நடத்தினர். கலகம் ஒருநாள் கோபம். மகமை பல்லாண்டுப் பொறுப்பு. கோபத்தால் முடியாததை மகமை முடித்தது.

நான்காவது சாஸ்திரதானம். நாய்க்கு எதற்குச் சாஸ்திரம் என நகைக்க வேண்டா. அவ்வுயிரைப் பற்றி நாம் அறிவதற்குக் கொடுப்பதையே இங்குக் குறிக்கிறோம். குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தில் வெறிநாய்க்கடிக்கு மருந்து நெடுங்காலம் ஆட்டின் மூளையிலிருந்தே ஆக்கப்பட்டது. மனிதரைக் காக்க ஆடுகள் மடிந்தன. ஆய்வு வளர்ந்து, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களிலிருந்து மருந்து ஆக்கும் முறை வந்தபின், 2004-ஆம் ஆண்டு இறுதியோடு ஆட்டுமூளை மருந்து ஆக்குவது நம் நாட்டில் நின்றது. எத்தனை ஆயிரம் ஆடுகளுக்கு அந்த அறிவு அபயம் அளித்தது என்று எண்ணிப் பாருங்கள். அறியாமையும் ஒரு கொலைக்கருவி.

மனிதர்க்கும் அவரோடு வாழும் விலங்குக்கும் உள்ள பிணைப்பைப் பற்றியும் மேல்நாடுகளில் ஆய்வு செய்கின்றனர். 1980-இல் அமெரிக்காவில் எரிக்கா ஃபிரீட்மனும் உடன் ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று. இதயநோய்ப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய 92 பேரை ஓராண்டு கவனித்தனர். வளர்ப்பு உயிர் உடைய 53 பேரில் மூவர் இறந்தனர். இல்லாத 39 பேரில் பதினொருவர் இறந்தனர். சிறிய ஆய்வுதான், பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒருமுகமாக இதனை ஒப்பவும் இல்லை. ஆயினும் ஒரு வாசல் திறந்தது. 2015-இல் ஜப்பானில், நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கியிருந்தால் இருவர் உடலிலும், தாய்க்கும் சேய்க்கும் இடையே அன்பைப் பிணைக்கும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு கூடுகிறது என்று கண்டனர். கணவனை இழந்த அம்மையார் மாலைதோறும் வாசலுக்கு ஏன் விரைகிறார் என்பது நமக்கு அப்போது விளங்கிற்று.

இத்தகைய ஆய்வுக்கு நிதி தருவோர் யார்? அமெரிக்காவில் இதற்கெனவே 2010-இல் ஓர் அறநிறுவனம் எழுந்தது. செல்லப்பிராணிப் பொருள்களை விற்கும் நிறுவனங்களின் பணம் அதற்கு அடிப்படை. அதனைப் பழிப்பதற்கில்லை. ஆனால் விற்பவர் பணம், வாங்குவார் உள்ள இடத்தை நோக்கியே பெரிதும் செல்லும். வீட்டுக்குள் மெத்தையில் துயிலும் நாயைப் பற்றிக் கேட்பர். ஒரு வீட்டுக்கும் உரியதாகாமல் ஒரு தெருவுக்கே உரியதாய், பலர் கையால் உண்டு பலரால் கல்லெறிபடும் நம் ஊர் நாயைப் பற்றி யார் கேட்பர்? எந்த நாய் கடிக்கிறது, ஏன் கடிக்கிறது, எப்படி உணவிட்டால் பூசல் குறையும், தனித்து வாழும் முதியவர்க்கு அது என்ன ஆறுதல் தருகிறது என்றெல்லாம் பார்த்தும் கேட்டும் எழுதியும் அறியலாம். ஓர் உயிரையும் துன்புறுத்த வேண்டுவதில்லை. கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர் ஒருவர் ஓராண்டு இவ்வாய்வில் ஈடுபடச் சிறு உதவித்தொகை போதும். ‘எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாத ஆய்வுக்கு மட்டும்’ என்னும் நிபந்தனையோடு அதனைத் தருவதற்கு நம்மைவிடப் பொருத்தமானவர் வேறு யார்?

இறுதியாக, கொடுக்கும் முறை. மதுரைக்கு அருகில் மாங்குளத்துக் குகையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்துகளில், கணிநந்தர் என்னும் முனிவர்க்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி காணப்படுகிறது. நெடுஞ்செழியனின் பணியாளரும் வெள்ளறை வணிகக் குழுவினரும் அங்கே கொடையாளராகக் குறிக்கப்படுகின்றனர். பழனிக்கு அருகில் ஐவர்மலையில் 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சாந்திவீரக்குரவர் 505 காணம் பொன்னை வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் உணவுக்கும் வைத்ததைச் சொல்கிறது. யார் கொடுத்தார், யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பதை எவரும் படிக்கும்படி எழுதிவைப்பது நம் முன்னோர் வழக்கம். இன்றும் அதுவே வேண்டும். அரசுகளும் இத்துறையில் உதவுகின்றன. ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியம் உயிர்க் காப்பகங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் மானியம் வழங்குவதற்கு வழிசெய்தது. தமிழக அரசும் 2022-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள் என்னும் பெயரால் 20 கோடி ரூபாயை அறிவித்தது. ஆனால் தெருவின் நிலை அத்தெருவினருக்கே தெரியும். ஆகவே தனிமனிதர் கொடை சிறிதேயாயினும், கணக்கோடு கொடுத்தால் பெரிது.

இவற்றையெல்லாம் எழுதி அம்மையாருக்கு அனுப்பினோம். மூன்று திங்கள் கழித்து விடை வந்தது. மகனும் மைத்துனரும் உடன் இருக்க, தொகையை நான்காகப் பகுத்து எழுதிவிட்டார்களாம். எதிர்வீட்டாரிடம் தாமே சென்று, உணவிடும் இடத்தைத் தெருமுனையில் அவர்கள் சொன்ன இடத்துக்கே மாற்றிக்கொண்டாராம். பதின்மூன்றில் ஒன்பது நாய்களுக்கு ஊசியும் அறுவையும் முடிந்துவிட்டன. முறைக்குக் காத்திருந்த நான்கில் ஒன்று வண்டியில் அடிபட்டு இறந்தது. அவர் கணவனார் கையால் உண்டு பழகிய நாய் அது. “தெருவோரம் உட்கார்ந்து அதன் காதில் ஐம்பத மந்திரத்தைச் சொன்னேன், ஐயா. அதற்குக் கேட்டதோ இல்லையோ தெரியவில்லை. எதிர்வீட்டுக் குழந்தை கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்” என்று எழுதியிருந்தார்.

அன்பர்களே! நாய் அம்மந்திரத்தைக் கேட்டதா என்பதை நாமும் அறியோம். குழந்தை கேட்டிருக்கிறாள் என்பதை அறிவோம். உங்கள் வாசலிலும் ஓர் உயிர் நிற்கக்கூடும். சோறிடுங்கள். அதனோடு நின்றுவிடாதீர்கள். மற்ற மூன்று தானங்களும் உங்கள் கைக்காகக் காத்திருக்கின்றன.

வாழ்க எவ்வுயிரும்! வளர்க ஜினதருமம்!